பழைய ஸ்டீல் பிரேம், பின் இடைவெளி 126: கலப்பு பாகங்களில் ரோடு பைக் கட்டுவது (கோவை–பாலக்காடு பக்கம்)

#1 வேலந்தாவளம்_மணி

வணக்கம்ங்க. ஒரு ஜப்பான் லக் பிரேம் (குழாய்களை உறை போட்டு இணைச்சது) கைக்கு வந்திருக்கு. பாகங்கள் நாலு இடத்துல இருந்து சேருது. வாங்கின பிறகு பொருந்தலைன்னு நிக்கக் கூடாதுன்னு அளவை முதல்ல போட்டுடறேன்.

பிரேம்: டாங்கே நம்பர் 2 ஸ்டிக்கர் (குழாய் ரகம்). சீட் ட்யூப் 57 செ.மீ. பின் டிராப் அவுட் (ஆக்சில் உக்கார்ற பிளவுத் தகடு) உள்ளுக்குள் 126 மி.மீ., ஃபோர்க் 100. பி.பி. (கிராங்க் சுத்துற பேரிங்) ஷெல் அகலம் 68. டிராப் அவுட் கிடைமட்ட வகை. டவுன் ட்யூப்ல கியர் லீவர் மாட்டுற குமிழ் ரெண்டு பக்கமும் இருக்கு.

கூட வந்த சக்கரம் 27 இஞ்ச், குரோம் ஸ்டீல் ரிம், 6 ஸ்பீடு ஃப்ரீவீல் (ஹப்புல திருகி மாட்டுற பல்சக்கரக் கொத்து). அந்தச் சக்கரத்தோட பிரேக் துளை மையத்துல இருந்து ரிம்ல கட்டை படுற இடத்தோட நடு வரைக்கும் அளந்தா முன்னாடி 46, பின்னாடி 50.

கையில இருப்பது: ஷிமானோ கிளாரிஸ் ஆர்2000 லீவர் ஜோடி (8 ஸ்பீடு), அதே செட் பின் டெரெய்லர் (செயினைப் பல் மாத்துற கை), 11–32 கேசட் (ஹப்புல சொருகுற பல்சக்கரக் கொத்து), 52/42 கிராங்க் (130 பி.சி.டி., அதாவது போல்ட் வட்ட விட்டம்; சதுர ஆக்சில்), 700சி அலுமினிய ரிம் ஜோடி, 32 ஓட்டை. ஹப், பிரேக், பி.பி. இன்னும் வாங்கல.

ஓட்டம் பெரும்பாலும் வாளையார் வழி பாலக்காடு. அப்பப்போ போத்துண்டி தாண்டி நெல்லியாம்பதி. எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையிலயும் ஓடும்.

கேட்க வேண்டியது: பின்னாடி 130க்கு விரிக்கலாமா? பிரேக் எது? வலப்பக்க பி.பி. கப் அசையவே மாட்டேங்குது, என்ன வழி? நெல்லியாம்பதிக்கு 42 பல் போதுமா?

#2 உக்கடம்_லேத்

தம்பி, வாங்குற பட்டியலை மூடி வைங்க. பிரேமை வெயில்ல தலைகீழாப் போட்டுப் பாருங்க. டவுன் ட்யூபோட அடிப்பக்கம், ஹெட் லக் முடியுற இடத்துல இருந்து ஒரு சாண் தூரம் விரலை வச்சுத் தடவுங்க. முன்னாடி மோதின பிரேம்னா அங்கதான் மெல்லிசா ஒரு மடிப்பு எழும்பும், பெயின்ட் குறுக்கே கீறியிருக்கும். மேல் பார் அடியிலயும் அதே மாதிரி பாருங்க. மடிப்பு இருந்தா பிரேமை சுவத்துல மாட்டிட்டு வேற தேடுங்க. அதுக்கு மேல ஒரு ரூபா போடாதீங்க.

அடுத்து ஃபோர்க். பக்கவாட்டுல நின்னு பாத்தா ஸ்டியரர் (ஹெட் ட்யூபுக்குள்ள போற குழாய்) கோடும் கால்களோட மேல்பாதியும் ஒரே நேர்ல வரணும். வளைவு கீழேதான் தொடங்கணும். மேலேயே பின்னுக்குச் சாய்ஞ்சிருந்தா அடி வாங்கினது.

கப்பைக் கழட்டின பிறகு பி.பி. ஷெல் வழியா டார்ச் அடிங்க. சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையால ஸ்டே (பின் சக்கரத்துக்குப் போற குழாய்) வாயைச் சுரண்டுங்க. பொரிப்பொரியா உதிர்ந்தா மேல் துரு. முனை உள்ள போச்சுன்னா குழாயே போச்சு. டாங்கே 2 குழாய் முனையில 0.9 மி.மீ., நடுவுல 0.6தான். அரிக்க அங்க அதிகமா ஒண்ணும் இல்ல.

#3 சித்தூர்ப்புழை

கப் விஷயம். 68 ஷெல், ஜப்பான் பிரேம் என்றால் ஆங்கில மரை: 1.37 இஞ்ச், இஞ்சுக்கு 24 மரை. இதில் வலப்பக்கம் இடது மரை. அந்தப் பக்கம் நின்று பார்த்தால் கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். அசையவில்லை என்று வரும் கப்புகளில் பாதி, எதிர்த் திசையில் திருப்பி இன்னும் இறுக்கப்பட்டவை. 70 மி.மீ. இத்தாலி ஷெல்லும், பழைய பிரெஞ்சு 35×1 மரையும் இரு பக்கமும் வலது மரை. அங்கே இந்த விதி செல்லாது.

கப்பின் தட்டை விளிம்பு 36 மி.மீ. சாதாரண ஸ்பேனர் வழுக்கி விளிம்பைத் தின்றுவிடும். ஆக்சிலையும் பால்ரஸ்ஸையும் எடுத்துவிட்டு இப்படிச் செய்யுங்கள்: எம்16 போல்ட், தடித்த வாஷர் நான்கைந்து, ஒரு ஸ்பிரிங் வாஷர், நட். போல்ட்டை வெளியிலிருந்து கப்பின் ஓட்டை வழியே நுழைத்து, உட்பக்கம் வாஷரும் நட்டும் போட்டுக் கப்பை நடுவில் நெருக்கிப் பிடியுங்கள். பிறகு நட்டை விட்டுவிட்டு, வெளியில் உள்ள போல்ட் தலையை நீளக் கைப்பிடியால் கடிகார முள் திசையில் திருப்புங்கள். போல்ட்டும் அதே திசையில்தான் இறுகும். ஆகவே பிடி விடாது, ஒரு கட்டத்தில் கப் கிளம்பும். முந்தைய நாளே துரு எண்ணெய் விட்டுவைப்பது நல்லது. சீட் ட்யூப் வழியாகவும் கொஞ்சம் ஊற்றலாம்.

கழன்ற பிறகு மரையைச் சுத்தம் செய்ய டாப் (மரை வெட்டும் கருவி) கிடைக்காவிட்டால் பழைய ஸ்டீல் கப் ஒன்றில் ஹாக்ஸா பிளேடால் மரைக்குக் குறுக்கே நான்கு பள்ளம் வெட்டி, கிரீஸ் தடவி உள்ளே ஓட்டுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. துருத்தூள் பள்ளத்தில் சேரும். இடப்பக்கத்துக்கு இடப்பக்கக் கப்பையே வெட்ட வேண்டும்.

#4 கஞ்சிக்கோடு_காத்தாடி

எல்லாம் சரி, ஆனா இந்த 8 ஸ்பீடு ஆசை எதுக்குங்க? 126ல அப்படியே நில்லுங்க. உள்ளூர் கியர் சைக்கிள் கடையில 7 ஸ்பீடு 14–28 ஃப்ரீவீல் கிடைக்கும், இருக்கிற ஹப்புலயே ஏறும். டவுன் ட்யூப்ல ஃபிரிக்‌ஷன் லீவர். கிளிக் இல்லாம விரலால நகர்த்துற அதுல எந்த டெரெய்லரும், எந்த ஃப்ரீவீலும், எந்தச் செயினும் ஓடும். இண்டெக்ஸ் (கிளிக் வச்சு கியர் மாத்துறது) பண்ணினா டிக்-டிக் சத்தத்துக்கு அடிமை. ஹேங்கர் (பின் டெரெய்லர் தொங்குற காது) 1 மி.மீ. வளைஞ்சாலும் கியர் தானா தாவும். ஃபிரிக்‌ஷன்ல விரல்தான் திருத்திக்கும்.

காத்து நாள்ல யோசிச்சுப் பாருங்க. ஜூன், ஜூலைல மேக்க இருந்து வர்ற காத்துல வாளையார் தாண்டி பாலக்காடு பக்கம் போனா ஒரே கியர்ல தலை குனிஞ்சு மிதிக்கிறதுதான். மார்கழில கிழக்குக் காத்து முதுகுல தள்ளும். இதுக்கு 8 பல்சக்கரம் வேணுமா?

#5 பொள்ளாச்சி_ஸ்போக்

ஃபிரிக்‌ஷனுக்கு நானும் ஓட்டுப் போடுவேன். ஃப்ரீவீல் ஹப்புக்குப் போடமாட்டேன். காரணம் ஆக்சில். ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்க பேரிங், ஃப்ரீவீலுக்கு உட்புறம் உட்காருகிறது. அதற்கும் டிராப் அவுட்டுக்கும் நடுவே மூன்று செ.மீ.க்கு மேல் ஆக்சில் தாங்குதல் இல்லாமல் நிற்கும். 7 ஸ்பீடு ஆனால் இன்னும் நீளம். 80 கிலோ ஆள், குழிச்சாலை என்றால் ஆக்சில் வளையும். பிறகு கோன் (பால்ரஸ் உருளும் கூம்பு) ஒரு பக்கமாகத் தேயும். கேசட் ஹப்பில் பேரிங் வெளி முனைக்குப் போய்விடுவதால் இந்தத் தொல்லையே இல்லை.

126ஐ விரிக்க மனமில்லை என்றால் நடுவழி ஒன்று: பழைய 7 ஸ்பீடு கேசட் ஹப் (126) கிடைத்தால், 8 ஸ்பீடு கேசட்டில் ஒரு பல்லைக் கழற்றிவிட்டு ஏழை மட்டும் போடுங்கள். இடைவெளி 8 ஸ்பீடுக்கு உரியது, 4.8 மி.மீ. அதனால் கிளாரிஸ் லீவர் சரியாகவே இண்டெக்ஸ் ஆகும். லீவரில் ஒரு கிளிக் சும்மா இருக்கும். லிமிட் ஸ்க்ரூ அதைப் பார்த்துக்கொள்ளும்.

மறுபக்கம், 130 ஹப்பின் இடப்பக்கம் 4 மி.மீ. வாஷரைக் கழற்றி, ஆக்சிலைக் குறுக்கி 126 ஆக்குவது சிலர் வழி. அதைச் செய்யாதீர்கள். ரிம்மை மறுபடி நடுவுக்கு இழுக்க வேண்டும், இடப்பக்க ஸ்போக் இன்னும் தளரும், சக்கரம் நிற்காது.

#6 உக்கடம்_லேத்

விரிக்கிறதுல பயம் வேண்டாம். ஸ்டீலுக்கு மொத்தம் 4, பக்கத்துக்கு 2 மி.மீ. பெரிய விஷயம் இல்ல. ஆனா குழாய் ஸ்டிக்கரைப் பாத்துட்டுத்தான். ரேனால்ட்ஸ் 753 மாதிரி பதம் ஏத்தின மெல்லிசு குழாய்னா கை வைக்காதீங்க. அலுமினியம், கார்பன் பேச்சே இல்ல.

நிறையப் பேர் நூல்கம்பி (மரை போட்ட கம்பி) முறை சொல்லுவாங்க: எம்10 நூல்கம்பியை ரெண்டு டிராப் அவுட் நடுவே வச்சு நட்டைத் திருப்பி விரிக்கிறது. சுலபம்தான், ஆனா ரெண்டு பக்கமும் சமமா விரியாது. எந்த ஸ்டே சொல்பேச்சு கேக்குதோ அது மட்டும் போகும். வலப்பக்க செயின் ஸ்டே செயின்ரிங் இடிக்காம இருக்க நசுக்கி விட்டிருப்பாங்க, அதோட பலம் வேற. இடைவெளி 130 சரியா வரும், சக்கரம் மட்டும் நடுவுல உக்காராது. அப்புறம் பிரேமைச் சபிச்சு பிரயோஜனம் இல்ல.

பக்கம் பக்கமா செய்யுங்க. முதல்ல நூல்: இடது டிராப் அவுட்ல கட்டி, ஹெட் ட்யூபைச் சுத்தி, வலது டிராப் அவுட்டுக்கு இழுத்துக் கட்டுங்க. சீட் ட்யூப் பக்கத்துல நூலுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியை ரெண்டு பக்கமும் வெர்னியர்ல குறிச்சு வைங்க. விரிக்கிறதுக்கு முன்னாடியே வித்தியாசம் இருந்தா, குறைவா இருக்கிற பக்கத்தை அதிகமா நகர்த்தணும்.

அப்புறம் நாலடி நீளக் கட்டை. பிரேமைப் பக்கவாட்டாப் படுக்க வச்சு, ஒருத்தர் ஹெட் ட்யூபை அமுக்கிப் பிடிக்கணும். கட்டை முனை சீட் ட்யூப்ல ஊணும். நடுவுல ஊணாதீங்க, அங்க சுவர் 0.6, பள்ளம் விழும். பி.பி. லக் பக்கமா, சாக்கு மடிச்சு வச்சு ஊணுங்க. டிராப் அவுட் பக்கத்து ஸ்டேயை உள்ள இருந்து வெளிய நெம்புங்க. 2 மி.மீ. நிரந்தரமா நகர அதைப் போல பல மடங்கு தள்ளி விடணும், விட்டதும் திரும்பி வரும். கொஞ்சம் கொஞ்சமா, ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு அளவு. நூல் ரெண்டு பக்கமும் 1 மி.மீ.க்குள்ள வந்தா நிறுத்துங்க.

முடிஞ்சதுன்னு சக்கரம் மாட்டிடாதீங்க. விரிச்சதால டிராப் அவுட் ரெண்டும் இப்ப வெளிப்பக்கம் சாய்ஞ்சு நிக்கும். லேத்துல ரெண்டு எம்10 போல்ட் முனையைச் சமமாக் கடைஞ்சு வாங்கி, ரெண்டு பக்கத்துலயும் உள்நோக்கி மாட்டுங்க. நடுவுல முனையும் முனையும் ஒண்ணுக்கொண்ணு நேரா, சுத்திலும் ஒரே இடைவெளியில நிக்கணும். இல்லன்னா பெரிய ஸ்பேனரால டிராப் அவுட்டை மட்டும் வளைச்சுச் சரி பண்ணுங்க. இதை விட்டாத்தான் ஆக்சில் முறியும். 126லயே 130 ஹப்பைக் கையால விரிச்சுத் திணிக்கிறவங்களுக்கும் இதே கதி.

#7 சித்தூர்ப்புழை

அத்துடன் ஹேங்கர். விரித்த பிறகு அதுவும் கோணம் மாறியிருக்கும். 8 ஸ்பீடு இண்டெக்ஸுக்கு அது முக்கியம். அளவுகோல் கருவி இல்லாமலே பார்க்கலாம்: டெரெய்லர் ஹேங்கர் மரை 10×1, ஷிமானோ பின் ஆக்சில் மரையும் 10×1. வேறொரு பின் சக்கரத்தின் ஆக்சில் முனையை ஹேங்கரில் திருகி நிறுத்துங்கள். பைக்கின் சொந்தச் சக்கரமும் இடத்தில் இருக்கட்டும். இரண்டு ரிம்முக்கும் நடுவே உள்ள தூரம் மேல், கீழ், முன், பின் நான்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சக்கரத்தையே பிடித்து மெதுவாக வளைக்கலாம், அதுவே நெம்புகோல்.

#8 வேலந்தாவளம்_மணி

ரொம்ப நன்றிங்க. மடிப்பு இல்ல, ஃபோர்க் நேரா இருக்கு. கப் போல்ட் முறையில வந்துடுச்சு. 130க்கு விரிக்கிறதா முடிவு. காத்தாடி அண்ணா மன்னிக்கணும்.

புதுசா ஒண்ணு: ஹேண்டிலை நேரா வச்சா அங்கேயே ஒரு பள்ளத்துல விழுந்த மாதிரி நிக்குது. கப் மாத்தணுமா? எந்த அளவு கேக்கறது?

#9 சித்தூர்ப்புழை

ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) கப்பில் நேர்முகமாக நிற்கும் இடத்தில் பால்ரஸ் சிறு குழிகள் போட்டுவிட்டது. அவசரத்துக்கு ஒரு வழி உண்டு: கூண்டுடன் வரும் பால்ரஸ்ஸை எடுத்துவிட்டு உதிரியாகப் போடுங்கள். கூண்டில் இருந்ததைவிட ஒன்றிரண்டு கூடுதலாகக் கொள்ளும், குழிகளோடு ஒத்துப் போகாது. பெரும்பாலான 1 இஞ்ச் ரோடு ஹெட்செட்டில் 5/32 இஞ்ச். ஆனால் எடுத்த பழையதை அளந்தே வாங்குங்கள். சிலவற்றில் கீழே 3/16 இருக்கும்.

புதிது வாங்கினால் இங்கேதான் ஜப்பான் பிரேம் கால் வாரும். 1 இஞ்ச் மரை ஹெட்செட்டில் இரண்டு வழக்கு. ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தரம்) என்றால் ஃபோர்க் கிரவுன் (ஃபோர்க் கால்கள் சேரும் தோள்) இருக்கை 27.0 மி.மீ., பிரேமில் அழுந்தும் கப் 30.0. ஐ.எஸ்.ஓ. (பன்னாட்டுத் தரம்) என்றால் 26.4, 30.2. உங்கள் ஃபோர்க் 27.0 என்று அளவு காட்டினால் 26.4 வளையத்தைச் சுத்தியால் அடித்து இறக்காதீர்கள், வெடிக்கும். ஜே.ஐ.எஸ். தேடுங்கள், அல்லது லேத்தில் கிரவுன் இருக்கையை 26.4க்குக் கடைந்து வாங்குங்கள். கடைந்த பிறகு திரும்ப வழியில்லை. எதிர்மாறாக 26.4 ஃபோர்க்கில் 27.0 வளையம் தொளதொளக்கும். அதைப் பஞ்ச் குத்தி இறுக்குவது வேலைக்காகாது.

மொத்த உயரத்தையும் பாருங்கள். பழையதைவிடப் புதியது உயரமாக இருந்தால் மேல் லாக் நட்டுக்கு மரை போதாது.

#10 பொள்ளாச்சி_ஸ்போக்

சக்கரத்துக்கு வருவோம். 27 இஞ்ச் ரிம்மின் டயர் இருக்கை விட்டம் 630, 700சி 622. விட்டத்தில் 8, ஆரத்தில் 4 மி.மீ. ஆகவே உங்கள் 46, 50 இரண்டும் 50, 54 ஆகும். இதை யாரும் மேலோட்டமாகப் படிக்க வேண்டாம், பிரேக் வாங்குவது இந்த எண்ணை வைத்துத்தான்.

குரோம் ஸ்டீல் ரிம்மை இந்தப் பக்கம் மழையில் ஓட்டவே வேண்டாம். ஈரத்தில் பிரேக் கட்டை வழுக்கும், நிற்கும் தூரம் பல மடங்கு நீளும். கட்டை மாற்றினாலும் அது அலுமினிய ரிம் ஆகாது. வாளையார் லாரிக் கூட்டத்தில் அதைச் சோதிக்க வேண்டியதில்லை.

ஸ்போக் நீளம். கடைக்காரர் '700க்கு இதுதான்' என்று எடுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். ரிம்மின் உள் விட்டத்தை நீங்களே அளக்க வேண்டும்: எதிரெதிர் ஓட்டையில் நீளம் தெரிந்த இரண்டு ஸ்போக் துண்டுகளை நிப்பிளோடு இழுத்து, நடு இடைவெளியைக் கூட்டுங்கள். இது நிப்பிள் பள்ளம் வரைக்குமான விட்டம். உதாரணத்துக்கு அது 602, ஹப் ஓட்டை வட்டம் 45, நடுவிலிருந்து வலது விளிம்பு 20.5, இடது 37.5, 32 ஓட்டை, மூன்று குறுக்கு என்றால் கணக்கு வலம் 292.5, இடம் 294.2 தரும். வாங்குவது 292, 294. ரிம் 602 இல்லை என்றால் இந்த எண்கள் உங்களுக்கு இல்லை.

14 கேஜ், அதாவது 2.0 மி.மீ. ஸ்டெயின்லெஸ். ரோட்ஸ்டருக்குப் போடும் 13 கேஜ் 2.3 மி.மீ., இந்த ஹப்புக்கும் ரிம்முக்கும் வேண்டாம். இழுப்பு வலப்பக்கம் 110 கிலோ வரை போனால் இடப்பக்கம் 60 அளவில் நிற்கும். விளிம்புத் தூர விகிதம் அப்படி, அது தவறில்லை. இடப்பக்கம் தளர்வாக இருக்கிறதே என்று அதையும் ஏற்றினால் ரிம் நடுவைவிட்டு ஓடும். கோட்டம் எடுத்து முடித்ததும் ஜோடி ஜோடியாக ஸ்போக்கை அழுத்திப் பிடித்து விடுங்கள். ‘டிங்’ என்று முறுக்கு விடுபடும், மறுபடி ஒருமுறை கோட்டம் பாருங்கள். இதைச் செய்யாத சக்கரம்தான் முதல் ஓட்டத்திலேயே ஆடும்.

#11 சித்தூர்ப்புழை

50, 54 என்றால் இன்றைய சாதாரண ரோடு பிரேக் (39–49) எட்டாது. 47–57 எட்டும் டூயல் பிவட் (இரண்டு சுழல் புள்ளி உள்ள பிரேக்) வேண்டும்: ஷிமானோ பி.ஆர்.-ஆர்451, டெக்ட்ரோ ஆர்539 போன்றவை. பின்னால் 54 என்பது உச்சத்துக்குப் பக்கம்தான், ஆனாலும் உள்ளேதான் இருக்கிறது. எட்டும் தூரம் கூடக் கூட நெம்பு பலம் குறையும். ஆகவே 55–73 பிரேக்கைத் தேவையில்லாமல் வாங்க வேண்டாம்.

பழைய சிங்கிள் பிவட்டைக் கிளாரிஸ் லீவரோடு சேர்க்காதீர்கள். புதிய லீவர் கேபிளை அதிகம் இழுக்கும், அதனால் பழைய கேலிப்பரில் அழுத்தம் குறையும். பிரேக் பிடிக்கும், ஆனால் நெல்லியாம்பதி இறக்கத்தில் கை மரத்துப்போகும்.

அடுத்த சிக்கல் போல்ட். உங்கள் பிரேமில் துளை 6 மி.மீ., வெளியே நட் போடும் வகை. புதிய பிரேக் உள்ளடங்கிய ஆலன் நட்டில் வரும், அதற்கு 8 மி.மீ. துளை வேண்டும். ஃபோர்க்கில் கிரவுனின் பின்சுவரை மட்டும் 8க்குத் துளையிடுங்கள். முன்சுவரைத் தொடாதீர்கள், பிரேக்கின் நிலைப்பே அங்கேதான். பின்னால் துளையிடவே வேண்டாம். இன்னொரு முன் பிரேக் வாங்கி அதைப் பின் பாலத்தில் மாட்டுங்கள். முன் பிரேக்கின் போல்ட் நீளம், பாலத்தைத் தாண்டி வெளியே வரும். அங்கே சாதாரண நைலாக் நட் போட்டால் முடிந்தது.

#12 கஞ்சிக்கோடு_காத்தாடி

பின் பாலத்துக்கு முன் பிரேக்: இது நல்ல யோசனை, நான் எதிர்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல. 

கியர்ல ஒண்ணு சொல்றேன். 42/32 வச்சு நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா 10 கி.மீ. வேகம். போத்துண்டிக்கு மேல அந்த வேகத்தைப் பிடிச்சே ஆகணும், இல்லன்னா நின்னுதான் மிதிக்கணும். 130 பி.சி.டி.ல 38க்குக் கீழ செயின்ரிங் கிடையாது. 110 பி.சி.டி.க்கு மாறி 50/34 போட்டா 34/32, அதே 60 சுத்துக்கு 8 கி.மீ. உக்காந்தே ஏறலாம். 52/42ஐ வித்துடுங்க.

#13 சித்தூர்ப்புழை

முழுக்கச் சம்மதம். டெரெய்லர் கொள்ளளவையும் (அது சமாளிக்கும் மொத்தப் பல் வித்தியாசம்) கணக்குப் பாருங்கள்: (50−34)+(32−11)=37 பல். உங்கள் பின் டெரெய்லரின் கூடு குட்டையா நீளமா என்று பின்பக்க எண்ணைப் பார்த்துத் தயாரிப்பாளர் தரும் கொள்ளளவோடு ஒப்பிடுங்கள். குட்டைக்கூடு இதைத் தாங்காது. பதிலுக்கு எம்.டி.பி. 9 ஸ்பீடு ஷிமானோ டெரெய்லர் ஓடும், ரோடு 8, 9 லீவரோடு இழுப்பு விகிதம் ஒன்றுதான். எம்.டி.பி. 10 ஸ்பீடு ஓடாது. ரோடு 10இல் டியாக்ரா 4700ம் ஓடாது.

பி.பி. ஆக்சில் நீளத்தைக் கிராங்க் தயாரிப்பாளர் சொல்லும் எண்ணில்தான் வாங்க வேண்டும். குறி (செயின்லைன்): இரண்டு செயின்ரிங்கின் நடு, சீட் ட்யூப் நடுவிலிருந்து 43.5 மி.மீ. சரிபார்த்துவிட்டு மாற்ற வேண்டியிருந்தால், சமச்சீர் கார்ட்ரிட்ஜில் ஆக்சில் 4 மி.மீ. குறைந்தால் செயின்லைன் 2 மி.மீ. உள்ளே வரும். சதுர முனையிலும் ஜே.ஐ.எஸ்., ஐ.எஸ்.ஓ. என்று இரண்டு. சரிவு ஒன்றுதான், முனைப் பருமன் வேறு. ஐ.எஸ்.ஓ. கிராங்கை ஜே.ஐ.எஸ். ஆக்சிலில் ஏற்றினால் 4 மி.மீ.க்கு மேல் வெளியே நிற்கும். எதிர்மாறாக ஏற்றினால் ஆக்சில் முனையில் முட்டி, போல்ட் இறுகியும் கிராங்க் இறுகாது. கொஞ்ச நாளில் சதுர ஓட்டை உருண்டையாகிவிடும்.

முனைக்குக் கிரீஸ் போடலாமா கூடாதா என்ற சண்டையை இங்கே தொடங்க வேண்டாம்.

#14 உக்கடம்_லேத்

தொடங்கல. மெல்லிசாப் போடுங்கன்னு மட்டும் சொல்லிக்கறேன்.

சீட் போஸ்ட். 28.6 குழாய்ல மேல் முனைச் சுவர் 0.6ன்னா உள்விட்டம் 27.4, போஸ்ட் 27.2. சுவர் தடிப்பா இருந்தா 26.8, 26.6ன்னு இறங்கும். கிளாம்ப் பிளவு நெருங்கியிருந்தா வெர்னியர் பொய் சொல்லும். ரெண்டு விரல் ஆழத்துல, ரெண்டு கோணத்துல அளங்க. 0.2 சின்ன போஸ்ட்டைப் போட்டு கிளாம்ப்பை இறுக்கினா காது ரெண்டும் மேல ஒட்டிக்கும், போஸ்ட் இறங்கிட்டே இருக்கும், கடைசியில காது விரியும். அலுமினிய போஸ்ட் ஸ்டீல் குழாய்ல ஒட்டிப் பிடிக்கிற வகை. கிரீஸ் போட்டு இறக்குங்க, எடவப்பாதிக்கு முன்னாடி ஒருமுறை, ஐப்பசி மழை முடிஞ்சு ஒருமுறை வெளிய எடுத்துத் துடைங்க. ஸ்டெம்முக்கும் இதே. க்வில் (ஃபோர்க்குக்குள்ள இறங்குற தண்டு) 22.2, ஹேண்டில் பிடிக்கிற இடம் 26.0ஆ 25.4ஆன்னு பாருங்க. 25.4 பாரை 26.0 ஸ்டெம்ல மெல்லிசு ஷிம் வச்சு மாட்டலாம். 26.0 பாரை 25.4 ஸ்டெம்ல விரிச்சுத் திணிக்காதீங்க.

பவுடர் கோட்டிங் போறதா இருந்தா பி.பி. மரை, ஹெட் ட்யூப் உள்வாய், ஹேங்கர் மரை, டிராப் அவுட் முகம் எல்லாம் மறைச்சுக் கொடுங்க. அடுப்புச் சூடு பிரேசிங்கை ஒண்ணும் செய்யாது. மணல் அடிக்கிறவர்கிட்ட குழாய் மெல்லிசுன்னு சொல்லணும், ஒரே இடத்துல நிக்க விடக் கூடாது. பி.பி. ஷெல் அடியில 5 மி.மீ. தண்ணி ஓட்டை இல்லன்னா பெயின்ட்டுக்கு முன்னாடியே போட்டுடுங்க.

#15 பொள்ளாச்சி_ஸ்போக்

கிடைமட்ட டிராப் அவுட்டுக்கு ஒரு எச்சரிக்கை. வெளியே கேம் தெரியும் லேசான ஸ்க்யூவர் (லீவர் மடக்கிச் சக்கரத்தை இறுக்கும் கம்பி) அங்கே பிடிக்காது. ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் வலப்பக்கம் முன்னே இழுத்துக்கொண்டு டயர் ஸ்டேயில் உரசும். கேம் உள்ளே மூடியிருக்கும் ஸ்டீல் ஸ்க்யூவரே போடுங்கள்.

டவுன் ட்யூப் குமிழில் லீவருக்குப் பதில் கேபிள் நிறுத்தி மாட்டினால் கிளாரிஸ் லீவருக்கு அதுவே போதும், கேபிள் இறுக்கத்தைச் சரிசெய்யும் சுற்றுத் திருகும் கிடைக்கும். கியருக்கு நேர்க்கம்பி வைத்த 4 மி.மீ. கேசிங், பிரேக்குக்குச் சுருள் 5 மி.மீ. பிரேக் கேசிங்கைக் கியருக்குப் போட்டால் இண்டெக்ஸ் நிற்காது, அவ்வளவுதான். கியர் கேசிங்கைப் பிரேக்குக்குப் போட்டால் அழுத்தும்போது பிளந்துவிடும். இதில் கடைக்காரரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

#16 வேலந்தாவளம்_மணி

பட்டியல் இப்போ இப்படி வருதுங்க: 130 கேசட் ஹப் 32 ஓட்டை, 50/34 கிராங்க், அதுக்கு உரிய 68 கார்ட்ரிட்ஜ், 47–57 முன் பிரேக் ரெண்டு, 28.6 கிளாம்ப் முன் டெரெய்லர், ஜே.ஐ.எஸ். ஹெட்செட் (கிரவுன் 27.0 காட்டுது), 8 ஸ்பீடு செயின், 700×28 டயர். டெரெய்லர் நீளக்கூடுதான், எண்ணைப் பாத்துட்டேன்.

செயின் எத்தனை லிங்க்? அப்புறம் ரிம்ல வால்வு ஓட்டை கார் வால்வு அளவு, ட்யூப் பிரெஸ்டாதான் (மெல்லிசு வால்வு) கிடைச்சது.

#17 பொள்ளாச்சி_ஸ்போக்

செயினை எண்ணி வாங்காதீர்கள், மாட்டி அளங்கள். முன்னால் 50, பின்னால் 32, டெரெய்லருக்குள் நுழைக்காமல் நேராகச் சுற்றி இழுத்து, சேரும் இடத்துக்கு மேல் 1 இஞ்ச், அதாவது இரண்டு துண்டு, கூட்டி வெட்டுங்கள். கிடைமட்ட டிராப் அவுட்டில் ஆக்சில் எங்கே நிற்கப் போகிறதோ அங்கே நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். முன்னே வைத்து வெட்டிவிட்டுப் பின்னே தள்ளினால் பெரிய–பெரிய கியரில் டெரெய்லர் நீண்டு கிழியும்.

700×28 ஏற்றும் முன் பிரேக் பாலத்தின் அடியிலும் பின் ஸ்டே நடுவிலும் இரண்டு பக்கமும் 4 மி.மீ. காற்று இருக்கிறதா பாருங்கள். மட்கார்டு போடும் எண்ணம் இருந்தால் 25தான்.

8.5 மி.மீ. ஓட்டையில் பிரெஸ்டாவை அப்படியே விட்டால் அடிப்பக்கம் ட்யூப் ஓட்டைக்குள் பிதுங்கி வால்வின் வேரில் கிழியும். சைக்கிள் கடையில் பித்தளை அல்லது ரப்பர் புஷ் கிடைக்கும், ஒரு சக்கரத்துக்கு ஒன்று. கிடைக்காவிட்டால் ரிம் டேப்பை அந்த இடத்தில் இரட்டையாக ஒட்டி 6.5க்கு மட்டும் துளையுங்கள். 70 பி.எஸ்.ஐ.யில் அதுவும் தாங்கும்.